அக்காளிடம் நான் சொல்லாத வாக்கியம்

கோட்டை மேல் பறக்கும் உலாந்தாக்காரர் (டச்சுக்காரர்) கொடி ஒரு நாள் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. காற்றின் வேலை என்று நினைத்தேன். சில மாதங்களில் படகு, ஆள் எல்லாமே பனிக்குள் நிற்பதுபோல் மங்கிவிட்டன. ஏரிக்கரைக் குப்பத்தில் இருந்த என் அக்காள் பொன்னிக்கு அதே நோய் முன்பே முற்றியிருந்தது. கண்ணில் பூ விழுந்து, ஊசி வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டு வந்திருக்கும் உங்களுக்காக, எங்கள் இருவருக்கும் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

நான் பழவேற்காட்டுக் கோட்டையில் துபாஷி (ஒருவர் பேச்சை மற்றவருக்கு அவர் மொழியில் சொல்பவன்). அக்காள் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். நைனா இறந்த பின் அந்த இறாலை விற்றுத்தான் என்னை வளர்த்தாள்.

கோட்டை வைத்தியர் உலாந்தாக்காரர். எங்களைச் சோதித்துவிட்டு, கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் மணி பால்போல் வெளுத்துவிடுவது) என்றார். ஊசியால் அந்த மணியைக் கீழே தள்ளினால் வெளிச்சம் உள்ளே போகும், ஆளுக்கு ஒரு கண்ணில் செய்து பார்க்கலாம் என்றார்.

அக்காள் பயந்தாள். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று அவர் ஒரு மடவை மீனின் கண்ணைக் கீறி, அதன் மணியை அவள் விரலில் வைத்தார். மீனின் மணி உருண்டை, மனிதனுடையது தட்டை. தண்ணீருக்குள் பார்க்க அது, காற்றில் பார்க்க இது. இவ்வளவு பொருத்தம் தானாக வந்திருக்குமா, அறிவுள்ள ஒருவன் செய்தான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். நான் வரி விடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கே உடல் சிலிர்த்தது.

அக்காள் அந்த மணியை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, “இவ்ளோ பாத்துப் பாத்துச் செஞ்சவருக்கு, இதுல பூ விழும்னு தெரியாதா? கேளு” என்றாள்.

கேட்டேன். வைத்தியர் கோபப்படவில்லை. அதற்காகத்தான் வைத்தியனின் கைகளையும் அவரே படைத்தார் என்றார்.

“அப்போ இவரு கப்பல்ல வர்றதுக்கு முன்னாடி குருடானவங்க இன்னா பாவம் செஞ்சாங்க?”

இதை நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் மனம் மாறிவிடக் கூடாதே என்ற பயம். எனக்குப் பார்வை வேண்டியிருந்தது.

முதலில் என் கண். இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்ள ஊசி இறங்கியது. வலியைவிட, கண்ணுக்குள் ஏதோ நகர்வதை உணர்ந்ததுதான் கொடுமை. உடனே ஜன்னலின் வெளிச்சம் தெரிந்தது. வைத்தியர் ஊசியைத் துணியில் துடைத்துக்கொண்டு அக்காளிடம் போனார்.

கட்டுப் பிரித்தபோது எனக்குப் பார்வை இருந்தது. பக்கத்தில் இருப்பது மங்கல்தான். ஆனால் முகத்துவாரத்தில் நுழையும் படகு தெரிந்தது. அக்காளின் கண்ணோ வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. காய்ச்சல் தணிந்தபோது அந்தக் கண் வற்றிப்போய்விட்டது. மறு கண்ணைத் தொட அவள் யாரையும் விடவில்லை.

வைத்தியர் குப்பத்துக்கே வந்தார். படைத்தவனின் ஏற்பாட்டில் இதற்கும் ஒரு காரணம் இருக்கும், நமக்குத்தான் தெரியாது என்று அவளிடம் சொல்லச் சொன்னார்.

என்னால் முடியவில்லை. என் வெளிச்சம் ஏற்பாடு என்றால் அவள் இருட்டும் அதே ஏற்பாடுதானே. ஒரே ஊசி, ஒரே கை, ஒரு வயிற்றுப் பிள்ளைகள். காரணம் என்று ஒன்று இருந்தால், நான் முதலில் படுத்ததுதானோ?

“இன்னா சொல்றாரு?” என்றாள்.

“ஏன் இப்படி ஆச்சுன்னு அவருக்குத் தெரியலையாம்க்கா.”

அக்காள் வைத்தியர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். “தெரியலைன்னா சொன்னாரு? நல்ல மனுசன். மோர் குடு அவருக்கு.”

அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. இந்தக் கண் இன்னும் எனக்குச் சொந்தமானதாகத் தோன்றவில்லை. விழித்ததும் வெளிச்சம் வரும். அதன் பின்னாலேயே அவள் நினைவு வரும். படைப்பின் அழகை யாராவது புகழ்ந்தால் நான் மறுப்பதில்லை. ஏரியில் பூநாரைகள் இறங்குவதை நானும் பார்க்கிறேன். பார்த்ததும் தலை குனிந்துவிடுகிறது.

அவள் குடிசையில் நான் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அங்கே பொழுது வேறு மாதிரி நகர்கிறது. முதுகில் படும் வெயில் விலகினால்தான் நேரம் போனது தெரியும். போன முறை கை நீட்டிச் சொம்பைத் தட்டிவிட்டேன். தண்ணீர் அவள் காலில் ஓடியது.

“கண்ணை மூடிக்கினா இருக்கே?” என்றாள். “தொறடா. மழை கட்டியிருக்கா பாரு. வெளியில கருவாடு காயுது.”

திறந்தேன். தெற்கே வானம் கறுத்திருந்தது. சொன்னேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.