கேட்காமல் வார்த்த கை

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். 'கட்டு அக்கா' என்று கேட்டால் போதும், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவைக் காட்டிவிடுவார். இருபத்தாறு வருடங்களாக அந்த அறையில் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுவந்தாள். மாவுச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, லேசாகப் பிழிந்து, சுற்றச் சுற்ற உள்ளங்கையால் தடவி வழவழப்பாக்கிவிடுவாள். அவள் போட்ட கட்டின் ஓரம் எங்கேயும் உறுத்தாது. வாயும் சும்மா இருக்காது. மலை மாதிரி ஒரு ஆள் காலை உடைத்துக்கொண்டு வந்து படுத்தால், "உங்களுக்கும் உள்ள எலும்புதான் இருக்கா, நான் இரும்புன்னு நெனச்சேன்" என்பாள். அழுதுகொண்டிருந்த ஆள் சிரித்துவிடுவார்.

அந்தக் காலத்தில்தான் பெண்களின் கையெழுத்து ஒவ்வொரு இடமாகச் செல்லாமல் போகத் தொடங்கியது. முதலில் வீட்டு வாடகை ஒப்பந்தம். பிறகு வங்கி. ஆறு மாதம் கழித்து மருத்துவமனைக்கும் சுற்றறிக்கை வந்தது. எந்தச் சிகிச்சையானாலும், பெண் நோயாளியின் படிவத்தில் கணவனோ அப்பாவோ கூடப்பிறந்தவனோ 'காப்பாளர்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஊழியர்களைக் கூட்டி அதை வாசித்துக் காட்டினார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு நர்ஸ் எழுந்து, "இத்தனை நாள் அவங்களே போட்ட கையெழுத்துக்கு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டாள். மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கட்டு அக்காவும் தரையைத்தான் பார்த்தாள். ஓய்வு பெற அவளுக்கு நாலு வருடம் பாக்கி இருந்தது.

வீட்டில் அந்தச் செய்தி வேடிக்கையாகத்தான் போனது. அவள் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். "குடு இப்படி" என்று அவள் கொண்டுவந்திருந்த பத்து வெற்றுப் படிவங்களை வாங்கி, கிரீஸ் காயாத விரலோடு வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தா, பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல. கால் ஒடிஞ்சாலும் சரி, பல்லு விழுந்தாலும் சரி."

"உங்க பல்லு விழுந்தா யாரு கையெழுத்துப் போடுறது?"

"எனக்கு எதுக்குடி காப்பாளர்? நான் ஆம்பளை."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பத்துப் படிவங்களையும் அவள் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எக்ஸ்ரே உறையோடு கட்டு அறைக்குள் வந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் ஓட்டை தைக்கிறவள். வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. பதிவு சன்னலில் இருந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்ததால் யாரும் அவளை நிறுத்தவில்லை. டாக்டரும் படத்தைப் பார்த்து, 'இழுத்து நேராக்கிக் கட்டவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அறுவைசிகிச்சைக்குப் போய்விட்டார். படிவத்தைப் பார்க்க வேண்டிய ஆள் அப்போது கட்டு அக்கா ஒருத்திதான்.

"வீட்டுக்காரர் வரலியாம்மா?"

"வரமாட்டார்க்கா."

"அப்பா, அண்ணன் தம்பி யாராச்சும்?"

"அப்பா இல்ல. தம்பி வெளிநாட்டுல இருக்கான்."

"அப்போ வீட்டுக்காரர்தான் வரணும். எப்படி அடிபட்டுச்சு?"

அந்தப் பெண் வீங்கிய கையை முன்னால் நீட்டினாள். "இதைப் பண்ணினவர் கையெழுத்துதான் வேணுமாக்கா?" என்று கேட்டாள்.

கட்டு அக்காவின் கைப்பை பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த படிவங்களில் எந்த ஆணின் கையெழுத்து இருக்கிறது என்று யாரும் துருவிப் பார்க்கப் போவதில்லை. அப்போது அது தன் நினைவுக்கே வரவில்லை என்று பின்னால் பல நாள் அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வந்தது. நன்றாகவே வந்தது. திரும்பிப் பையை ஒருமுறை பார்க்கவும் செய்தாள்.

"நான் என்னம்மா பண்ண முடியும், சட்டம் அப்படி இருக்கு" என்று சொல்லி, ஒரு துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டுக் கட்டி, படிவத்தை மடித்து அவள் இடது கையில் கொடுத்தனுப்பினாள்.

பதினோரு நாள் கழித்து அந்தப் பெண் கையெழுத்தோடு வந்தாள். அதற்குள் எலும்பு தன் போக்கில் கோணலாக ஒட்டத் தொடங்கியிருந்தது. இனி ஆபரேஷன் பண்ணித்தான் நேராக்க முடியும், அதற்குத் தனிப் படிவம், தனிக் கையெழுத்து என்றார் டாக்டர். "போதும் சார், இப்படியே கட்டிடுங்க" என்றாள் அவள். ஐந்து வாரத்தில் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டில் ஒரு மேடு நின்றது. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார்கள், பாதியில் நின்றுவிட்டது.

"இதுல ஓட்டை தைக்க முடியுமாக்கா?"

"பழகப் பழக வந்துடும்மா."

வராது என்று கட்டு அக்காவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணோ போகும்போது, "ரொம்ப நன்றிக்கா, வலிக்காம பிரிச்சீங்க" என்றாள். அவள் திட்டிவிட்டுப் போயிருந்தால் எவ்வளவோ தேவலை. அந்த நன்றி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

பிரித்த கட்டை எப்போதும் குப்பைத் தொட்டியில்தான் போடுவாள். அன்று இரண்டு பாதியாகக் கிடந்த அந்தக் கட்டைக் கையில் எடுத்தவளுக்குப் போட மனம் வரவில்லை. செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற இடத்தில், சோப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். துணி அலசும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டடச் சாமான் கடையில் கட்டு மாவு மூட்டை ஒன்று வாங்கி வந்தாள். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, துணியால் இறுக்கிக் கட்டி, உள்ளே எண்ணெய் தடவி, மாவைக் கரைத்து ஊற்றினாள். ஏன் ஊற்றுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. காய்ந்ததும் பிரித்தால், முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை அச்சு அசலாக அந்தப் பெண்ணின் கை. அந்த மேடு, அந்தக் கோணல், அப்படியே இருந்தது.

விரல்களை ஞாபகத்திலிருந்து செய்தாள். ஊசி குத்திக் குத்தி நகம் இரண்டாகப் பிளந்திருந்த கட்டைவிரலையும் விடவில்லை. கை முடிந்ததும் அது தனியாகக் கிடப்பது அவளுக்குத் தாங்கவில்லை. தோள் செய்தாள். பிறகு முதுகு. ஞாயிறு ஞாயிறாக ஒரு பெண் அந்தத் துவைக்கும் இடத்தில் உட்கார்ந்த கோலத்தில் உருவாகி வந்தாள்.

கணவர் இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் பல் துலக்க வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"யாரு இது?"

"யாருமில்ல."

"எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. கை மட்டும் கோணலா இருக்கே, சரி பண்ணிடேன்."

அவள் மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் வந்தது, கேட்டது, பை ஆணியில் தொங்கியது, தான் அதைத் திரும்பிப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாயில் நுரையோடு கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போய், அவள் கைப்பையைத் திறந்து, பத்துப் படிவங்களையும் எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"சிரிச்சுக்கிட்டே போட்டேனே" என்றார். மறுநாள் பணிமனையிலிருந்து பழைய இரும்புக் கம்பிகளைக் கொண்டுவந்து இறக்கினார், உள்ளே கம்பி இல்லாமல் உடம்பு நிற்காது என்று. கைக்குள்ளும் துளை போட்டு ஒரு கம்பியைச் செருகினார்.

கடைசி ஞாயிறன்று கேட்டார். "ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வைக்கப் போறியா?"

"ஆமா."

"வேலை போயிடலாம். தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க."

"சரி, வேனுக்குச் சொல்லி வைக்கிறேன்."

திங்கள் காலை, வரிசை சேருவதற்கு முன்னால், பதிவு சன்னலுக்கு எதிரே இருந்த நீள பெஞ்சின் ஓரத்தில் அந்தச் சிலையை உட்கார வைத்தார்கள். வலது கை சன்னலை நோக்கி நீண்டிருந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு காப்பாளர் படிவம். கையெழுத்துப் போடும் இடம் காலி. அதற்குக் கீழே கட்டு அக்கா எழுதியிருந்தாள்: 'ஒரு கையெழுத்துக்காகப் பதினோரு நாள் காத்திருந்தாள்.'

முதல் இரண்டு நாள் கூத்தாகத்தான் இருந்தது. யாரோ தர்மவான் அன்பளிப்பாகக் கொடுத்த சிலை என்று நிர்வாகம் நினைத்துக்கொண்டது. துப்புரவு அம்மா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனார். ஒருத்தி தன் குழந்தையின் பால் புட்டியைச் சிலையின் மடியில் வைத்துவிட்டு எக்ஸ்ரேக்குப் போனாள். மூன்றாம் நாள் யாரோ அந்தக் காகிதத்தைக் குனிந்து வாசித்தார்கள். அதற்குப் பிறகு பெஞ்சைச் சுற்றி எப்போதும் நாலு பேர். போனில் படம் எடுத்தார்கள். சில பெண்கள் சிலையின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். செய்தது யார் என்று கேள்வி வந்தபோது கட்டு அக்கா மறைக்கவில்லை. மாதக் கணக்கில் இறங்காமல் கிடந்த சோறு அன்றைக்குத்தான் ஒழுங்காக இறங்கியது. கொஞ்சம் பெருமைகூட வந்தது.

நான்காம் நாள் மதியம் அந்தப் பெண் வந்தாள். பெஞ்சின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுக் கட்டு அறைக்கு வந்தாள்.

"அது என் கைதானே அக்கா?"

"ஆமாம்மா."

"எங்க தையல் கூடத்துல எல்லாரும் போன்ல பார்த்துட்டாங்க. கட்டைவிரலைப் பார்த்தே சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் காதுக்கும் போயிடுச்சு. நீ போய்ச் சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறார்."

"அடிச்சாரா?"

"அதை இப்போ கேட்டு என்ன பண்ணப் போறீங்க?"

கட்டு அக்காவுக்கு முகம் செத்துப்போனது. "உனக்காகத்தான்மா செஞ்சேன்."

"எனக்காகன்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அன்னிக்கு என் கைக்கு அவர் கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்புனீங்க. இதைச் செய்ய என் கையெழுத்து வேண்டாமாக்கா?"

எக்ஸ்ரே அறையில் யாரையோ மூச்சை அடக்கச் சொல்லும் குரல் கேட்டது. கட்டு அக்கா எழுந்தாள்.

"நான் என்ன பண்ணணும், சொல்லு."

"என் கையை எடுத்துக் குடுத்துடுங்க."

கட்டு அறுக்கிற ரம்பத்தை எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, சிலையின் முழங்கைக்குக் கீழே வைத்து அறுக்கத் தொடங்கினாள். வெள்ளைத் தூள் பெஞ்சில் கொட்டியது. உள்ளே கம்பி தட்டியதும் ரம்பம் நின்றது. அப்போதுதான், குனிந்த தலை நிமிராமல், அவள் அதையும் சொன்னாள்.

"அன்னிக்கு என் பையில, என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் பத்து இருந்துச்சும்மா. ஒண்ணு எடுத்து உனக்குக் குடுத்திருக்கலாம். பயந்துட்டேன்."

கட்டு அக்கா காத்திருந்தாள். அந்தப் பெண் திட்டுவாள், அழுவாள், ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள்.

"சீக்கிரம் அறுங்கக்கா," என்றாள் அவள். "பஸ் போயிடும்."

கம்பியைக் குறட்டால் வெட்டி, கையைப் பிரித்து, பஞ்சு சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைக் காய்கறிப் பைக்குள் வைத்து, பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

அடுத்த வாரம் விசாரணை. கண்காணிப்பாளர், கணக்கு அதிகாரி, மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் என்று மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேலிடத்து ஆள் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"இந்தக் கை எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"யாரோட கை? நோயாளியோட அச்சை வெளியில கொண்டுபோனது குற்றம். அந்தப் பொண்ணோட காப்பாளரைக் கூப்பிட்டு ஒரு புகார் வாங்கணும்."

காப்பாளர் என்றால் யார் வந்து நிற்பார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"என்னோட கைதான் சார்."

"எங்க, காட்டுங்க."

அவள் வலது கையை மேசைமேல் நீட்டினாள். இருபத்தாறு வருட மாவில் வெளுத்துப்போன, நேரான கை.

"இது நேராத்தானே இருக்கு."

"எனக்குச் செய்யத் தெரியல சார். கோணலா வந்துடுச்சு."

அவள் போட்ட கட்டுகளை இருபது வருடமாகப் பார்த்துவந்த கண்காணிப்பாளர் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வேலை போகவில்லை. நோயாளிகளைத் தொடக் கூடாது என்று துணிக்கிடங்குக்கு மாற்றினார்கள். போர்வையும் தலையணை உறையும் மடித்து அடுக்குகிற வேலை. சிலையை உடைந்த நாற்காலிகள் கிடக்கும் கொட்டகையில் போட்டார்கள். ஐந்து மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது: எலும்பு முறிவுக்கும் தீக்காயத்துக்கும் முதலில் சிகிச்சை தரலாம், கையெழுத்தை மூன்று நாளுக்குள் வாங்கினால் போதும். ஏன் மாற்றினார்கள் என்று அதில் ஒரு வரியும் இல்லை. கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்த நர்ஸ் கிடங்குக்கு ஓடிவந்து, "உங்களாலதான் அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால ஒரு கை கோணலாச்சு. அதை மட்டும் சொல்லு" என்று கட்டு அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணைத் தொழிற்சாலையில் சட்டை மடிக்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கவில்லை. போனால் இன்னொரு தடவை அவளைக் கேட்காமல் செய்ததாகிவிடும் என்று கணவரிடம் சொன்னாள். அவரும் வற்புறுத்தவில்லை.

மற்ற நோய்களுக்கு இன்னும் கையெழுத்து வேண்டும். அதற்காக வந்த பெண்கள் அந்த நீள பெஞ்சில் படிவத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். கிடங்கிலிருந்து வார்டுக்குத் துணி கொண்டுபோக அந்த பெஞ்சைத் தாண்டிப் போனால் நாற்பது காலடிதான். கட்டு அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜெனரேட்டர் அறைப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறாள்.