கண்மாய்க்குள் இறங்கிய வங்கக் கதை

வங்காளத்து ஆற்றங்கரையில் நிகழும் துப்பறியும் நாவல் ஒன்றை நரிக்குடிப் பக்கத்தில் படமாக எடுக்க விரும்புவதாக ஒருவர் என்னிடம் வந்து சொன்னபோது, முதலில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வெயில் அப்படிப்பட்டது, எண்ணமும் அப்படிப்பட்டதாகவே எனக்குத் தோன்றியது.

வந்தவர் அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர். ஐம்பதை நெருங்குகிறவர். அந்நாவலை நான் தமிழில் பெயர்த்து நண்பர்களுக்கு வாசிக்கக் கொடுத்திருந்தேன். அது கைமாறி அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இளமையில் எங்களூர்ச் சேலை வியாபாரி ஒருவருக்காகக் கல்கத்தாவில் பல ஆண்டுகள் கடை பார்த்தேன். அங்கே வங்க எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது என் கைக்குக் கிடைத்தது அந்தத் துப்பறியும் கதைதான். திருடன் யார் என்று அறியும் ஆவலே எனக்கு இலக்கணம் கற்பித்தது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆகவே அந்நூலுக்கு ஒரு பழுது நேர்ந்தால் அது என் வீட்டில் நேர்ந்த பழுது போலவே எனக்குத் தோன்றும்.

நாவலாசிரியர் காலமாகிவிட்டார். உரிமை அவர் மகளிடம் இருந்தது. கல்கத்தாவில் தனியே வாழும் அந்த அம்மையாரிடம் தொலைபேசியில் வங்க மொழியில் பேசும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "நடுவில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முடிவைப் படமாக எடுத்து முதலில் எனக்குக் காட்டுங்கள். பிடித்தால் கையெழுத்துப் போடுகிறேன். புத்தாண்டுக்குள் வராவிட்டால், இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் கம்பெனிக்கே கொடுத்துவிடுவேன்." அவர்களுடைய புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. அப்போது பங்குனி பிறந்திருந்தது.

நாவலின் முடிவு இதுதான். கோயில் நகைப்பெட்டியைத் திருடியவன் அதை ஆற்றில் போட்டு மறைத்திருக்கிறான். பெருவெள்ளம் வருகிறது. படகுத்துறையில் நிற்கும் கூட்டமெல்லாம் வெள்ளத்தைப் பார்க்க, ஒருவன் கண் மட்டும் தண்ணீரில் ஒரே இடத்தைப் பார்க்கிறது. துப்பறிபவர் அவனைக் கண்டுகொள்கிறார்.

மற்றவை எளிதில் மாறின. படகுக் கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்த துப்பறிபவர், பஸ் கம்பெனி டைம் கீப்பர் ஆனார். கடுகெண்ணெய் கலந்த பொரி, காரச்சேவு ஆயிற்று. வெள்ளம் மட்டும் மாறவில்லை.

"அண்ணாச்சி, ஆத்துக்கு நான் எங்க போவேன்? குண்டாத்துல மணலும் கருவேல முள்ளும்ல கெடக்கு" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தண்ணி வர்றதை விடுங்க தம்பி. நம்ம ஊருல தண்ணி வத்துனாத்தானே கூட்டம்" என்றேன்.

கோடையில் கண்மாய் வற்றும்போது, மிச்சமிருக்கும் மீனைப் பிடிக்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் கரையில் கூடுவார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கி, ஊத்தா என்னும் அடியில்லாத மூங்கில் கூடையைச் சேற்றில் குத்தி மீனை மடக்குவார்கள். எல்லாரும் மீனைத் தேடி அலையும்போது, ஒருவன் மட்டும் ஒரே இடத்தில் ஊத்தாவைத் திரும்பத் திரும்பக் குத்தினால் அவன் தேடுவது மீனாக இருக்க முடியாது. இதைக் கேட்டதும் ஸ்டூடியோக்காரர், "இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டார்.

நரிக்குடிக்கு அப்பால் ஒரு கண்மாயில் நாள் குறித்திருந்தார்கள். கேமரா தயார் என்று சொன்ன பிறகே துண்டு வீசுவதாக ஊர்ப் பெரியவர் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு ஒரே முறை நடப்பது. தவறினால் இவ்வாண்டு வேறு வழியில்லை.

அன்று காலை கரை முழுவதும் ஊத்தாவும் கையுமாகச் சனங்கள் நின்றார்கள். துப்பறிபவராக நடிக்க மதுரையிலிருந்து வந்த நாடக நடிகர், வெள்ளைச் சட்டையோடு கரையோரம் நிறுத்தப்பட்டிருந்தார். திருடனாக நடிப்பவர் பாலவனத்தத்தில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். கேமராக்காரர் எதிர்ப்புறம் மடைமேல் நின்றார். அவர் சற்று இடப்பக்கம் நகர்ந்தால் நல்லது என்று ஸ்டூடியோக்காரருக்குப் பட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தலைக்குமேல் உயர்த்தி, இடப்பக்கமாக வீசிக் காட்டினார்.

அது வெள்ளைத் துண்டு.

"வீசியாச்சுலே, எறங்கு!" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். கரை உடைந்தாற்போல் கூட்டம் கண்மாய்க்குள் சரிந்தது.

"நான் வீசலய்யா, நான் வீசல" என்று ஸ்டூடியோக்காரர் பின்னாலேயே ஓடினார்.

"வீசலைன்னா கையில இருக்கது என்ன, கொக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் அவரைத் தாண்டிப் போனாள்.

ஊர்ப் பெரியவர் மடித்த துண்டும் கையுமாக நின்றார். "காலங்காலமா எங்க வீட்டு ஆளுகதான் வீசுவாக. இந்த வருசம் ஸ்டூடியோக்காரவுக வீசிட்டாக. சரி, மீனு நமக்காக நிக்கவா போகுது?" என்றபடி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

திருடன் எங்கே என்று தேடினேன். அவர் படத்தை மறந்து நடுக்கண்மாயில் நின்றார். வெகுநேரம் கழித்து, நீண்ட விரால் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறிவந்தார்.

"யோவ், நடிக்கக் கூப்பிட்டா மீன் பிடிக்கப் போயிட்டீரே" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அது கெடக்கட்டும், மொதல்ல இதைப் பிடிங்க, நழுவுது."

மீன் தீர்ந்தது, கூட்டமும் கலைந்தது. ஸ்டூடியோக்காரர் கரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "போச்சு அண்ணாச்சி. கதை கல்கத்தாக் கம்பெனிக்குத்தான்." நான் வங்க எழுத்துக் கூட்டிப் படித்த முதல் நூல், நான் சொன்ன யோசனையாலேயே எங்கள் கையைவிட்டுப் போகிறதே என்று மனம் கனத்தது.

அப்போது கேமராக்காரர் கரையைச் சுற்றி நிதானமாக நடந்து வந்தார். அவர் சொந்த ஊர் திருச்சுழிக்குப் பக்கம்.

"என்ன அண்ணே, உக்காந்துட்டீக? இன்னொரு தடவையா எடுக்க முடியும்?"

"ஒரு தடவையே எடுக்கலையேப்பா."

"எடுக்கலையா? நீங்கதான வெள்ளை வீசுனீக. ஆரம்பிக்கச் சொல்றீகன்னு அப்பவே ஓட விட்டுட்டேன்."

நாங்கள் மூவரும் தலைகள் முட்ட அந்தச் சிறு திரையைப் பார்த்தோம். சனவெள்ளம் கரையிலிருந்து சரிந்து இறங்குகிறது. அதன் நடுவே வெள்ளைச் சட்டை மனிதர் ஒருவர் மட்டும் அசையாமல் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். எந்த ஒத்திகையும் அந்த நிலையைத் தந்திருக்காது. எப்படி அவ்வாறு நின்றீர்கள் என்று நடிகரைக் கேட்டேன்.

"இருக்கது ஒரே சட்டைதான், சேறு படக்கூடாதுன்னு சொன்னாங்க சார். யாரு மேல வந்து மோதுவாங்களோன்னு பாத்துக்கிட்டே நின்னேன்" என்றார்.

திருடன் சேற்றில் குத்தும் காட்சியை மறுநாள் நாலைந்து பேரை வைத்து எடுத்தோம். இரண்டையும் இணைத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினோம். பிறகு வந்த நாள்களில் தொலைபேசி மணி அடித்தாலே கல்கத்தாவோ என்று ஓடிப்போய் எடுத்தேன். மகளுக்குத் தன் தந்தையின் ஆறு வேண்டுமே. நாங்கள் அனுப்பியதோ சேறு.

புத்தாண்டுக்கு முன்னதாகவே ஒரு முற்பகலில் அவர் அழைத்தார். ஸ்டூடியோக்காரர் என் பக்கத்தில் நின்று, மொழி புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கருத்த மனிதர் அணைத்துக்கொண்டு வந்தாரே, அது என்ன மீன்?" என்பதுதான் அம்மையாரின் முதல் கேள்வி. கேமரா ஓடிக்கொண்டேயிருந்ததால் திருடனும் விராலும் படத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் வெட்டியிருக்கவில்லை.

உங்கள் ஊரில் ஷோல் என்பீர்களே, அதுதான் என்றேன்.

"அப்பா தண்ணீர் இல்லாமல் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. நீங்கள் கதையைப் புழுதியில் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். அவர் இதைப் பார்த்திருந்தால் தானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியிருப்பார். எடுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்" என்றார்.

"என்ன சொல்றாக?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"மீன் பேரு கேட்டாக."

"அண்ணாச்சி, வெளையாடாதீக. அப்புறம்?"

"எடுக்கச் சொல்லிட்டாக."

அவர் என் வீட்டு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். நெடுநாளைக்குப் பிறகு அன்று பகல் சோறு எனக்கு ருசியாக இறங்கியது.