சாமிக்கு வைத்த கிண்ணம்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு என் மகள் ஃபிரிட்ஜைத் திறந்து, காலையில் செய்து வைத்த சூப்பை வெளியே எடுத்தாள்.

கல்லூரி விடுமுறை. கோச்சடையில் அன்று அடித்த வெயிலுக்கு ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. அடுப்பே மூட்டாமல் செய்கிற சூப் என்று ஃபோனில் பார்த்திருக்கிறாள். மொட்டை மாடித் தொட்டியில் காய்த்த சுரைக்காயைச் சீவி, வெள்ளரிக்காய், புதினா, தயிரோடு பச்சையாகவே மிக்ஸியில் அடித்து உப்பும் மிளகும் போட்டாள். ருசி பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எது செய்தாலும் முதலில் சாமிக்குத்தான். அதற்குமுன் ஒரு சொட்டுகூட நாக்கில் படக்கூடாது. உப்பைக் கண்ணளவில் போட அவளுக்கும் பழகிவிட்டது.

விளக்கின் முன் ஒரு கிண்ணம் வைத்துக் கும்பிட்டாள். பெரிய டம்ளரில் தனக்கு ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கசக்கிறது என்றாள். அப்படியென்றால் விட்டுவிடு என்றேன்.

"கசப்புக்கு மூஞ்சியச் சுளிக்க நான் என்ன அப்பாவா?" என்று சிரித்துக்கொண்டே மீதியைக் கடகடவெனக் குடித்தாள்.

பாகற்காய், வேப்பம்பூ ரசம் எதையும் முகம் மாறாமல் சாப்பிடுவது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பெருமை.

நான் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெயில்தான் என்று நினைத்தேன். அடுத்தடுத்து எடுத்தாள். பிறகு சிவப்பாக வந்தது. கையைப் பிடித்தால் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

அடுக்களைக்கு ஓடி விரல் நுனியில் சூப்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். அது பாகற்காய்க் கசப்பு இல்லை. துப்பியும் போகவில்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். "அண்ணே, பிள்ள ரத்தமா எடுக்குது" என்றேன். சட்டைகூடப் போடாமல் வந்தார். ஆட்டோவில் அவள் தலை என் மடியில் கிடந்தது. கூப்பிடக் கூப்பிட 'ம்' என்றாள். காளவாசல் சிக்னலில் அதுவும் நின்றுவிட்டது. அதன் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம்பெண். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார், சொன்னேன்.

"கசந்துச்சாம்மா?"

ஆமாம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கசக்கிற சுரைக்காய் விஷம், அதற்கென்று முறிமருந்து கிடையாது, குளுக்கோஸ் ஏற்றுகிறோம், பிரஷர் ஏற வேண்டும் என்றார்.

அவள் அப்பா கப்பலூரில் வேலையில் இருந்தார். ஃபோனில் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். வீட்டைப் பூட்டினேனா என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்து போகிறவர்கள். முதலில் வீட்டுக்குப் போய் சூப்பைக் கொட்டிவிட்டு வாருங்கள் என்றேன்.

பொழுது சாயும்போது டாக்டர் வந்து பிரஷர் ஏறுகிறது என்றார். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்தாள்.

அப்போதுதான் கம்பெனிச் சட்டையோடு அவள் அப்பா வந்தார். அவளுடைய பாதத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"சாமிக்கு வச்ச கிண்ணத்தையும் கொட்டிட்டேன். இனிமே நம்ம வீட்டுல எது செஞ்சாலும் முதல்ல நான்தான் வாயில வச்சுப் பாப்பேன். எனக்குத்தான் கசப்பு ஆகாதே. சாமி கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும்."