காலாட்டும் பெருமாள்

இடது கையில் காபி டம்ளர். வலது கை மௌஸை விடுவதாக இல்லை. திரையில் அம்புக்குறி பிரகாரம் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. மேசைக்கடியில் இரண்டு கால்களும் தாளம் போட, மேசை நடுங்க, காபி தளும்பிச் சட்டையில் ஒரு சொட்டு. பகவதிப்பெருமாள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார்.

பாறசாலைக்காரர். வேலைக்கு வரும்போது தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் கரமனை பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற வழக்கம் கிடையாது. “நிக்கப்பட்ட நேரத்துக்கு நடந்தா அடுத்த ஸ்டாப்பு வரும்லா” என்று நடப்பார். இரண்டு ஸ்டாப்புக்கும் நடுவில் பஸ் அவரைத் தாண்டிப் போகும். தினமும் போகிறது, மனிதர் தினமும் நடக்கிறார். தூக்கத்திலும் கால் ஆடுகிறது என்பது அவர் மனைவியின் புகார்.

மற்ற மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் தும்மினாலே உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து ‘ஃபார்மேட்’ செய்துவிடுவார்கள். பெருமாளுக்கு அது கெட்ட வார்த்தை. “மூக்கு ஒழுகுனா மூக்கையே அறுக்கப்பட்டதாக்கும் வைத்தியம்?” என்பார்.

கரமனை அக்ரஹாரத்தில் அவருக்கு முதல் வேலை கொடுத்தவர் நாகலக்ஷ்மி மாமி. மலையாளக் கதைகளைத் தமிழாக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறவர். தெருவில் மற்ற கதவுகள் பெருமாளுக்குத் திறந்ததெல்லாம் மாமியின் வாக்கால்தான். அந்த மாமியின் கம்ப்யூட்டர்தான் இப்போது கழுத்தை அறுக்கிறது. தொண்ணூற்றைந்தில் வாங்கியது, வயது ஏழு. ஓணம் கழிந்ததிலிருந்து ஒரு கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரை கறுத்து, எந்தப் பொத்தானுக்கும் அசையாது. அதுவரை அடித்தது போனது போனதுதான்.

“ஒரு வார்த்தைக்காகக் கண்ணை மூடிண்டு யோசிச்சாப் போறும், பெருமாளே. முழிச்சுப் பாத்தா இருட்டு. கீழ் மூலையில மாத்திரம் காவியா ஒரு கறை. புடவைத் தலைப்பால தொடைச்சும் போகல்லை.”

“நீங்க யோசிக்கியது அதுக்கு எப்பிடி மாமி தெரியும்?” என்று பெருமாள் சிரித்தார்.

சிரிப்பு அதோடு சரி. அவர் வந்து உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் பரம சாது. கழற்றித் தூசி ஊதினார். வைரஸ் தேடினார். உள்ளே இருந்த ஒவ்வொரு புரோகிராமின் பெயரையும் படித்தார். ஓணத்துக்கு வந்த மாமியின் மகன் சுமந்த் ஏற்றிவைத்த மீன்தொட்டிப் படம் ஒன்றும் கண்ணில் பட்டது. “இது சும்மா படம்லா” என்று தள்ளிவிட்டுப் போனார். பாறசாலைக்கே தூக்கிக்கொண்டு போயும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் வீடு போய்ச் சேருவதற்குள் மாமியின் போன் காத்திருந்தது.

இன்று மறுபடியும் வந்திருக்கிறார். மாமி மென்று விழுங்கிச் சொன்னார்: “பெங்களூர்லேந்து சுமந்த் நாளைக்கு வேற ஆளை அனுப்பறானாம். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணுமாக்கும்.”

பெருமாளின் கால் இன்னும் வேகமெடுத்தது. பயந்துபோனார் மனிதர். மாமி வீட்டிலேயே தோற்றவனை இனி எந்த வீடு கூப்பிடும்? இன்றைக்குள் பிடிபடாவிட்டால் தெருவே கைவிட்டுப் போகும். மௌஸை விட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“முதல்ல காலை ஆட்டாதேங்கோ!” என்றார் மாமி. “கையை எடுத்தப்பறமும் அம்பு தானா நடக்கறது, பாருங்கோ.”

உண்மைதான். மேசை அதிர்ந்து மௌஸ் உருள, திரையில் அம்பும் துடித்துக்கொண்டிருந்தது. “நான் உக்காந்து யோசிக்கறாப்பல ஒரு தடவை சும்மா உக்காருங்கோ. அரிசி களைஞ்சுட்டு வந்துடறேன்.”

உட்கார்ந்தார். பாதங்களை நாற்காலிக் கால்களில் பின்னிக்கொண்டார். கை தானாக மௌஸுக்குப் போயிற்று. இழுத்துத் தொடைக்கடியில் திணித்தார், மற்றதையும் கூடவே. காது அரித்தது. மூக்கின்மேல் ஒரு ஈ உட்கார்ந்து உலாவிற்று. வாசலில் மீட்டர் ஓடும் ஆட்டோ நிற்பதுபோல் மனம் அடித்துக்கொண்டது. எழுந்து ஓடிவிடலாமா? மேசை ஆடவில்லை. அம்பும் ஆடவில்லை.

திரை கறுத்தது. கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீனின் வாய் எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டது.

மீன்தொட்டி! கை ஓய்ந்தால் திரையில் மீன்கள் நீந்த வேண்டும், அம்மா பார்த்து ரசிக்க வேண்டும் என்று சுமந்த் செய்த ஏற்பாடு. பழைய கம்ப்யூட்டருக்கு அதைச் சுமக்கத் தெம்பில்லை. முதல் மீன் நுழையும்போதே மூச்சு நின்றுவிடுகிறது. பெருமாள் கை ஓய்ந்திருந்தால் அல்லவா மீன் வரும்!

“மாமீ!”

போட்ட கூச்சலில் மாமி ஈரக்கையோடு ஓடி வந்தார். பெருமாள் தாடையை நீட்டித் திரையின் மூலையைக் காட்டினார். கைகள் இரண்டும் தொடைக்கடியிலேயே இருந்தன.