இன்னும் ஒரு பரீட்சை இருக்கிறது

அந்தப் பெண்ணின் வலது கை நன்றாக இயங்குகிறது என்று ஒரு விண்ணப்பத்தில் என் கைப்பட எழுதியிருக்கிறேன். அதனால், எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டமானபோது என்னை அங்கே மாற்றினார்கள். ஒரே சமயத்தில் அத்தனை அலுவலகங்கள் வந்து இறங்கியதில் ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. திண்டிவனத்தில், ரயிலடிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு பிடித்து, அங்கிருந்து தினமும் போய்வந்தேன். வீடு என்றால் பாதி வீடு. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது நடுவில் ஒற்றைச் செங்கல் கனத்தில் ஒரு சுவரை எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி 'நூறு' என்பாள்.

அந்தப் பாதியில் ஒரு கொத்தனார் குடும்பம் இருந்தது. அவருக்குப் புதுச்சேரிப் பக்கம் வேலை. விடியும்போது தூக்குச்சட்டியோடு கிளம்பினால் இருட்டின பிறகுதான் திரும்புவார். அவர் மனைவி வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைப்பாள். ஒரே பெண். நாங்கள் குடிபோனபோது அவளுக்கு எட்டு வயது இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக் காய்ச்சலில் இரண்டு காலும் இடது கையும் விளங்காமல் போய்விட்டன. பேச்சும் வரவில்லை. மிஞ்சியது வலது கை ஒன்றுதான்.

அந்தக் கையால் தானே எடுத்துச் சாப்பிட அவளைப் பழக்க அவள் அம்மாவுக்கு இரண்டு வருஷம் பிடித்ததாம். சோறு விரலில் நிற்காமல் சிந்தியதால், கேப்பைக் களியைச் சிறு சிறு உருண்டைகளாக்கித் தட்டில் வைத்து, கூடவே கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் பழக்கியிருக்கிறாள். என் மனைவியிடம் இதை ஒரு பெரிய காரியத்தைச் சொல்வதுபோலச் சொன்னாளாம். பெரிய காரியம்தான்.

சாப்பிடக் கற்றுக்கொண்ட பெண், தட்டை எடுத்துத் தரையில் தட்டவும் கற்றுக்கொண்டாள். பசித்தால் தட்டுவாள். அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டால் தட்டுவாள். சந்தோஷம் வந்தாலும் அதேதான். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் ஒவ்வொரு விசிலுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு விழும்.

"பருப்புக்கு மூணு விசில்னா நான் எண்ணவே வேணாம். அவளே எண்ணிடறா," என்று என் மனைவி சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வராது. காலையில் பேப்பர் படிக்கும்போது, மாலையில் களைத்து வந்து உட்காரும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணயரும்போது, அந்த எவர்சில்வர் தட்டு என் மண்டைக்குள் விழுவதுபோல இருக்கும். தெருவில் அவளுக்கு மேளக்காரி என்று பெயர். நானும் வீட்டுக்குள் அப்படித்தான் சொல்வேன்.

ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தரச்சொல்லி அவள் அம்மா ஒருநாள் வந்தாள். அவள் வாசலில் நின்று சொல்ல, நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். பெண்ணைப் போய்ப் பார்க்கவில்லை.

"வலது கை எப்படிம்மா?"

"அது ஷோக்கா இருக்குது சார். அதாலதான் துன்றா, அதாலதான் என் உசுர வாங்கறா."

'வலது கை நன்றாக இயங்குகிறது. தானே உணவு உண்கிறாள்' என்று எழுதினேன். அட்டை வந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மல்லாட்டை அவித்தால் எங்களுக்கு ஒரு கிண்ணம் வராமல் இருக்காது. நான் தெருவில் வந்தால் கொத்தனார் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடுவார்.

நாங்கள் குடிவந்து நான்கு வருஷம் கழித்து என் மகள் பன்னிரண்டாவது படித்தாள். அந்த வருஷம் கேபிளைத் துண்டித்தேன். உறவுக்காரர்களை வரவேண்டாம் என்று சொன்னேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் தடவையாகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிட்டார்கள். போகவில்லை.

"பொண்ணுக்கு மார்ச்சுல பரீட்சை. டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசப்படறா. முடியற வரைக்கும் கொஞ்சம் அந்தச் சத்தம் மட்டும்..." என்றேன்.

"அய்யோ, நீங்க வந்து சொல்லணுமா சார்? எங்களுக்கே தெரிய வேணாம்?" அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "நாள் பூரா ஒரே பேஜாரு இவளால."

கொத்தனார் மனைவியைப் பார்த்து, "அந்தத் தட்டப் புடுங்கி மேல போடு, சொல்லிட்டேன்," என்றார்.

"தட்டப் புடுங்கினா வேற எதுனா எடுத்துக்குவா. உம் பொண்ணப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? நீ காலையில போய்க்கினு ராவுல வர்ற ஆளு."

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள். "எனக்கு அந்தச் சத்தம் எப்பவோ பழகிடுச்சுப்பா. எதுக்கு எம்பேரச் சொல்லிப் போய்க் கேட்டீங்க?"

"நீ படி," என்றேன்.

அதன்பிறகு நடந்ததைச் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்துகொள்ள முடிந்தது. முதலில் தட்டு நின்றது. இரண்டு நாளில் பிளாஸ்டிக் வாளியைத் தட்டும் சத்தம் வந்தது. வாளி போனது. பிறகு வெறும் உள்ளங்கையால் சுவரிலேயே அடித்தாள். சுண்ணாம்பு எங்கள் பக்கம் லேசாக உதிர்ந்தது. அடுத்த வாரம் அதுவும் நின்றுவிட்டது. எடுத்துவைக்க இனிமேல் அவளிடம் என்ன மிச்சம் இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விடை சுலபம்.

தெருக்குழாயில் பெண்கள் பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டதாக என் மனைவி வந்து சொன்னாள்.

"இன்னாடி, உங்க வூட்டு மேளம் லீவா?"

"பாப்பா டாக்டருக்குப் படிக்குதுல்ல? சார் சொல்லிட்டாரு."

"அப்ப எங்க வூட்டுக்காரரு கொறட்டைக்கும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லுடி உங்க சார!"

எல்லாரும் சிரித்தார்களாம். என் மனைவி சிரிக்கவில்லை. அந்த வாரம் அவள் விசிலை எண்ணத் தவறி, பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

பொங்கல் கழிந்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினேன். பக்கத்து வீட்டுப் பின்கட்டு அங்கிருந்து தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கோணிமேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பழைய புடவைக் கிழிசலால் வலது கையை மடக்கி, கூரையைத் தாங்கும் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். மல்லாட்டைக் குவியலுக்கு நடுவிலிருந்து அவள் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திருட்டில் அகப்பட்டவள்போல அவசரமாகச் சிரித்தாள்.

"வலிக்காத மாதிரிதான் சார் கட்டி வச்சிருக்கறேன். துணிதான். பாப்பா பரீட்சை முடியற வரைக்குந்தான்."

"சாப்பாடு?"

"நானே ஊட்டி உட்டுடறேன் சார். அவுத்தா மறுபடி ஆரம்பிச்சுடுவா."

'அவிழ்த்துவிடும்மா' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் உடனே போய் அவிழ்த்துவிடுவாள் என்று தெரியும்.

மார்ச் பரீட்சை முடிந்தது. பிறகு நுழைவுத் தேர்வு. மே மாதத்தில் அதுவும் முடிந்து, மனைவியும் மகளும் கடலூரில் என் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். அவ்வளவு நிசப்தமான வீட்டில் அதற்கு முன் நான் வாழ்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிநேரம் தூங்கினேன். முதல் வாரமே ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றாள்.

"பாப்பாவுக்குப் பரீட்சை எல்லாம் முடிஞ்சிட்டுதுங்களா சார்?"

வீட்டில் பரீட்சை எழுத ஆளே இல்லை. ஒருவேளை அவள் பார்வையில் அவசரம் தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பலநாள் என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. அது பொய். அவள் கண்ணில் அவசரம் தெரிந்தது.

"இன்னும் ஒரு பரீட்சை இருக்கும்மா," என்றேன்.

"அப்பிடிங்களா. நல்லா எழுதட்டும் சார்."

அந்தப் பொய்யால் மேலும் ஐந்து வாரம் கை கட்டியபடியே இருந்தது.

ஜூனில் மனைவி திரும்பினாள். மகளுக்கு மருத்துவம் கிடைக்கிற மதிப்பெண் வரவில்லை, பொறியியல் கிடைக்கும் என்றிருந்தது. அதற்கும் இனிப்பு எடுத்துக்கொண்டு மனைவி பக்கத்து வீட்டுக்குப் போனாள். அரைமணி நேரம் கழித்து வந்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கட்ட அவுத்துட்டோம். கை நீள மாட்டேங்குது. மடக்கினது மடக்கினபடியே இருக்கு. நீட்டினா அழறா."

நான் பேப்பரைப் புரட்டினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களாமே."

அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். தோள் கொஞ்சம் அசைந்தது, முழங்கையும் விரல்களும் திரும்பவில்லை. தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தும் பார்த்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எங்கள் குக்கர் விசில் அடிக்கும், அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. நான் கேட்டு வாங்கிய நிசப்தம் அது. அடுத்த வருஷம் விழுப்புரத்தில் வீடு கிடைத்து மாறிவிட்டோம். கிளம்பும் அன்று அந்த அம்மாள் வந்து, "சார் இருந்த வரைக்கும் எங்களுக்கு ஒரு தைரியம்," என்று சொல்லி அழுதாள். கடைசிவரை ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

நான் ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து, விழுப்புரம் பஸ் நிலையத்தில் கொத்தனாரைப் பார்த்தேன். அடையாளம் தெரியாமல் இளைத்திருந்தார். அவரேதான் கிட்டே வந்து பேசினார்.

"எம் பொஞ்சாதி செத்துப் போய்ட்டா சார், ரெண்டு வருஷம் ஆவுது. பொண்ண ஹோம்ல உட்டுட்டேன், இங்கதான் பக்கத்துல. வேற இன்னா பண்றது? நான் வேலைக்குப் போய்ட்டா ஊட்ட ஆளில்ல. நாள் பூரா பட்டினியா கெடந்தா. அந்தக் கை மட்டும் இருந்திருந்தா களி கிண்டி வச்சிட்டுப் போயிருப்பேன். வூட்லயே இருந்திருப்பா."

குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. பஸ் வந்ததும் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

மறுவாரம் அந்த இல்லத்துக்குப் போனேன். அவளுக்கு முப்பதை நெருங்கிவிட்டது. முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். அம்மாவின் நெற்றி. வலது கை மார்போடு மடங்கி, விரல்கள் மூடிக் கிடந்தன. வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்கு வரும் ஒரு பெண் அங்கே இருந்தாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"பக்கத்து வீடு. முன்னாடி."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் கை பிறவியிலேர்ந்தே இப்படியா, இல்ல எப்பனா யூஸ் பண்ணிக்கினு இருந்தாங்களா? அப்பா ஒண்ணும் சொல்லாம விட்டுட்டுப் போயிட்டாரு. முன்னாடி அசைஞ்ச கைன்னா கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

"பிறவியிலேர்ந்தே," என்றேன்.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் சொன்னேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "நாளைக்கே போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க," என்றாள். நாளைக்குப் போகவில்லை. மூட்டு வலி என்றேன், மழை என்றேன். மூன்று வாரம் ஆனது. ஒருநாள் காலையில் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டு, "இதுக்கும் இன்னும் ஒரு பரீட்சை இருக்குதா?" என்று கேட்டாள். அன்றைக்குப் போனேன்.

"அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன்மா. பன்னெண்டு வயசு வரைக்கும் அந்தக் கையாலதான் சாப்பிட்டா. நல்லா பலமா தட்டுவா."

"அப்புறம் எப்படி சார் நின்னுது?"

"ஆறு மாசம் கட்டிப் போட்டிருந்தாங்க."

"யாரு?"

"அவ அம்மா. சத்தம் வரக்கூடாதுன்னு நான் கேட்டுக்கிட்டேன்."

அவள் குறிப்பை எடுத்து, எழுதியிருந்ததை அடித்தாள். முயற்சி செய்தார்கள். வெந்நீரில் வைத்து நீவினால் விரல்கள் ஒரு இழை திறக்கும், மறுநாள் மூடிக்கொள்ளும். நான்கு மாதம் பார்த்துவிட்டு, தசையெல்லாம் சுருங்கி இறுகிவிட்டது, அப்போதே பார்த்திருந்தால் வேறு என்றாள்.

அங்கே மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒருநாள் நான் ஊட்டுகிறேன் என்று ஆயாவிடம் தட்டைக் கேட்டு வாங்கினேன். எவர்சில்வர் தட்டு. சோற்றைக் குழம்பில் குழையப் பிசைந்து, ஒரு கவளம் அவள் வாயருகே கொண்டுபோனேன். வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மறுபடி முயன்றேன். தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினாள்.

"விடுங்க சார், அவ வேணும்னு பண்ணல," ஆயா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "பழக்கமில்லாதவங்க கையில வாங்க மாட்டா."

ஆயா நீட்டியதும் வாயைத் திறந்தாள். கவளம் கவளமாக, சத்தமில்லாமல் சாப்பிட்டாள். ஐந்து வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இருந்தவர்கள் நாங்கள் என்று ஆயாவிடம் நான் சொல்லவில்லை.