பதின்மூன்றாவது நிமிடத்தில் என் போன்

போன செவ்வாய்க்கிழமை காலை. இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

“அம்மா, ஜோயல் அண்ணா இருக்காங்களா? கொஞ்சம் பேசணுமுங்க.”

கிரைண்டரை நிறுத்தினேன். ஆறு வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

“நீ யாரு கண்ணு?”

பெயர் சத்யா. சோமனூர்ப் பெண். நூலகவியலில் பிஎச்.டி. செய்கிறாள். பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். பார்வையற்ற மாணவர்களுக்காக வாலண்டியர்கள் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்த சி.டி.க்கள் அங்கே மாடியறையில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கிடக்கின்றனவாம். எதில் என்ன இருக்கிறது, யார் வாசித்தது — யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியல் போட வேண்டும். பிறகு இணையத்தில் ஏற்றி, வெளியூர் மாணவர்களுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியப்படுத்த வேண்டும். அதுதான் அவள் வேலை. அதற்கு வாசித்தவர்களின் சம்மதம் தேவை. ஜோயலின் நம்பர் வேலை செய்யவில்லை. விண்ணப்பத்தில் ‘பெற்றோர்’ என்ற கட்டத்தில் என் நம்பர் இருந்தது.

“அவன் இல்ல கண்ணு.”

“எப்பங்க வருவாங்க?”

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பெண் அழுதது மட்டும் நினைவிருக்கிறது. நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் கேஸ் சிலிண்டர், பஸ் கண்டக்டர், என் முழங்கால் என்று எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். என் பையனைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. காரணம் இருக்கிறது.

ஜோயல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மதியமானால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கேடா என்றால் “லைப்ரரிம்மா” என்பான். இந்தக் காலத்தில் எந்தப் பையன் சனிக்கிழமை லைப்ரரிக்குப் போகிறான்? நான் நம்பவே இல்லை. அதனால் போன் போட்டுக்கொண்டே இருப்பேன். எங்கே இருக்கே, யார்கூட இருக்கே, எப்ப வருவே...

அந்தச் சனிக்கிழமையும் போட்டேன். கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டுக்கு அவன் அத்தை வந்திருந்தாள். அவனைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்திருந்தாள். “உடனே கிளம்பி வா” என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். “கிளம்பிட்டேன்மா” என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது வேறு யாரோ.

நான் விரட்டினேன், அவன் விரைந்தான், ஒரு திருப்பத்தில் லாரி. இதுதான் ஆறு வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட கதை. வீட்டுக்காரரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பாஸ்டர் வந்து ஜெபித்தபோதும் சொல்லவில்லை. விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

வியாழக்கிழமை பீளமேட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது, எதையும் கேட்பதில்லை. அப்படித்தான் நினைத்துப் போனேன்.

மாடியறையில் சத்யாவுடன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மணிகண்டன். பார்வையற்றவர். அதே கல்லூரியில் படித்து இப்போது வங்கியில் வேலை பார்க்கிறார். லீவு போட்டுவிட்டு வந்து, குரல்களை அடையாளம் சொல்லி அவளுக்கு உதவுகிறார்.

“ஜோயல் அண்ணாவோட அம்மாங்க” என்றாள் சத்யா.

அவர் எழுந்துவிட்டார். “ஏனுங்க, நீங்கதானா அந்த போன் அம்மா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“பாடம் நடுவால உங்க போன் வருமுங்க. அண்ணன் ரெக்கார்டிங்கை நிறுத்தாமயே பேசுவாரு. ‘வாரேன்மா, வாரேன்மா’ன்னு. ஹாஸ்டல்ல நாங்க அவருக்கு வெச்ச பேரே ‘வாரேன்மா அண்ணன்’ தானுங்க. உங்க போன் வந்தா எங்களுக்கு டீ பிரேக்குங்க!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவரு குரல்லதான் நான் பொருளாதாரம் பாஸ் பண்ணினேன்.”

சத்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அந்த போன் பேசற இடத்தையெல்லாம் வெட்டிப்போட்டு ஏத்தறதுதான் முறைங்க. வீட்டுப் பேச்சுங்களே... நீங்க சொன்னாச் செஞ்சுபோடறேன்.”

“வெட்டிடு கண்ணு” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அப்போதுதான் மேஜையில் இருந்த சி.டி.யைப் பார்த்தேன். மேலே மார்க்கரில் அவன் கையெழுத்து. பாடத்தின் பெயர். கீழே தேதி.

அந்தத் தேதி.

“இதுல... என் போன் இருக்கா?”

சத்யா தன் நோட்டைப் பார்த்தாள். “பதிமூணாவது நிமிஷத்துல வருதுங்க.”

போட்டுக் காட்டச் சொன்னேன். யார் சொன்னது, நானா? ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

அவன் குரல். தேவை, அளிப்பு, விலை... நிதானமாக, சர்ச் ஆல்டரில் நின்று வேதம் வாசிப்பதுபோல் வாசிக்கிறான். திடீரென்று ரிங்டோன்.

“சொல்லும்மா... அத்தையா? எப்ப வந்தாங்க... சரி, சரி, கத்தாதம்மா. கிளம்பிட்டேன்மா. வண்டியிலதான் இருக்கேன். வாரேன்மா.”

வண்டியிலாம்! நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்கிறது. மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிறான். பிறகு, “ம்... எங்க விட்டேன்? பக்கம் நூத்திப் பன்னெண்டு.”

மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

“இன்னும் எவ்வளவு நேரம் கண்ணு வாசிக்கறான்?”

“கிட்டத்தட்ட நாப்பது நிமிஷமுங்க. பாடத்த முழுசா முடிச்சுட்டாருங்க.”

நாற்பது நிமிடமும் கேட்டேன். எந்த இடத்திலும் அவசரம் இல்லை. ஒரு வாக்கியத்தைத் தப்பாக வாசித்து, “மன்னிக்கவும்” என்று சொல்லி முதலிலிருந்து வாசித்தான். கடைசியில், “இத்துடன் இந்தப் பாடம் முடிந்தது. நல்லாப் படிச்சு எழுதுங்க” என்றான். அவ்வளவுதான்.

கிளம்பு என்றதும் கிளம்பியிருந்தால் தப்பியிருப்பானோ? அதையும் மனசு கேட்டது. இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது அடங்காது. என் போனுக்குப் பயந்து அவன் ஓடவில்லை... இது மட்டும் இப்போது எனக்குத் தெரியும்.

படிக்கட்டு வரை போனவள் திரும்பி வந்தேன். “சத்யா, அந்த போனை வெட்ட வேண்டாம். எல்லாத்திலயும் அப்படியே இருக்கட்டும்.”

“சரிங்கம்மா. குறிப்புல என்னன்னு போடட்டுங்க?”

“நடுவில் அம்மாவின் போன்னு போடு.”

மணிகண்டன் மெதுவாகச் சொன்னார். “பசங்க டீ பிரேக் பொழச்சுதுங்க.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆறு வருடக் கதையையும் சேர்த்து. அவர் கேட்டார். “நீ கூப்பிட்டு அவன் எப்ப உடனே வந்திருக்கான்?”

உண்மைதானே? சாப்பிடக் கூப்பிட்டாலே நான்கு முறை கூப்பிட வேண்டும்.

குற்ற உணர்ச்சியில் இத்தனை வருடமும் அம்மா பேச்சைத் தட்டாத யாரோ ஒரு பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்திருக்கிறேன். என் பையன் அப்படியா? ஒருநாளும் என் பேச்சைக் கேட்டதில்லை, படவா!