வெர்னா தட்டிய கதவுகள்

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா டோக்குக்கு உறைபனிச் சாலையில்கூடப் பயம் வந்ததில்லை. அந்தத் தேர்தலில் கட்சிக்கு ஓட்டுக் கேட்கப் போனபோதுதான் தெரிந்தவர் வீட்டு அழைப்புமணியை அழுத்தவே பயந்தாள்.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், ஆற்றோரத்திலுள்ள எங்கள் சிற்றூரில் பழமைவாதக் கட்சியை நீலக் கட்சி என்போம். வெர்னா பரம்பரை நீலம். வரி குறையணும், அரசாங்கம் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அவள் பேசினால் ஊரில் பாதிப்பேர் தலையாட்டுவார்கள். கட்சிக்கு ஓட்டு மட்டும் விழாது.

மீன் ஆலையில் வேலை பார்க்கும், பிரெஞ்சு பேசும் தோழி ஒடீல் கதவைத் திறந்தாள்.

"உள்ள வா, குளுருது. அந்த நோட்டீஸ வெளியவே வெச்சிட்டு வா."

"ஏன்டி, வரி கூடிப்போச்சுன்னு நீதானே கத்துன?"

"இப்பவும் கத்துவேன். ஆனா உங்க ஆளு செலவக் குறைப்போம்னாலே எனக்குச் சந்தேகமா இருக்கு. எதைக் குறைப்பாரு? எங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தையா? ஆஸ்பத்திரி அவசரப் பிரிவையா? உன்னை நம்பி வீட்டுச் சாவியக் குடுப்பேன் வெர்னா. உங்க கட்சிய நம்பி ஓட்டுக் குடுக்க மாட்டேன்."

வெர்னா நோட்டீஸைப் பைக்குள் செருகிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அவள் கணவன் எல்டனைக் காப்பாற்றியது அந்த அவசரப் பிரிவுதான். அடுத்த ஆஸ்பத்திரி வெகுதூரம்.

வேட்பாளர் கிராண்டலிடமே போய்க் கேட்டாள். "அவசரப் பிரிவு இருக்கும்னு வாசல்ல சொல்லலாமா?"

"வேணாங்க. பரிசீலிப்போம்னு சொல்லுங்க."

"அப்போ மூடுவீங்களா?"

"இருக்கும்னா, செலவக் குறைக்கச் சொல்ற நம்ம ஆளுங்க கோவிச்சுக்குவாங்க. மூடுவோம்னா ஊரே கோவிச்சுக்கும். வாயத் திறக்காம இருக்கறதுதான் நல்லது."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

தேவாலய மண்டபத்தில் நடந்த கட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "என் புருஷன் மறுபடி விழுந்தா எங்க கூட்டிட்டுப் போறது?"

"நல்ல கேள்வி, வெர்னா. பரிசீலிப்போம்" என்றார் கிராண்டல். பின்வரிசையில் யாரோ "துரோகி" என்றார்கள். பழகிய குரல். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். பென்சில் கிராண்டல் பெயர்வரை போய் நின்றுவிட்டது. எதிர்க்கட்சிக்குப் போடவும் மனம் ஒப்பவில்லை. வெறுஞ்சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள்.

கிராண்டல் மோசமாகத் தோற்றார். பத்திரிகைக்காரர்கள்தான் கெடுத்தார்கள் என்றது கட்சி. வெர்னாவைக் கண்டால் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் இப்போது தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறார்கள். ஜெயித்தவர்களும் அவசரப் பிரிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. எல்டன் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் சமையலறைக் குழாயை மூடிவிட்டு, அவன் மேலே போய்ச் சேரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.